கரியாலூரில் ஆமை நடந்த வாரம்

1

ஆண்டுக்கொரு முறை விக்டோரியா நகரத்துக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் நின்றாக வேண்டும். சீஷெல்ஸ் நாட்டின் தலைநகரம் விக்டோரியா. தலைநகரம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவைச் சுற்றிவரும் நேரத்தில் இதையும் சுற்றிவந்துவிடலாம். என் கணவர் இங்கே மின்நிலையத்தில் மேற்பார்வையாளர். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இருவரும் இந்த நாட்டுக்கு வேண்டியவர்கள்தான். ஆனால் வேண்டியவர்கள்தானா என்று வருடம் தவறாமல் ஒரு முத்திரை குத்திச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு என்னை நன்றாகத் தெரியும். சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன் அவரிடம் ஒன்று சொல்லிவைத்திருந்தேன். அடுத்த முறை அனுமதியைப் புதுப்பிக்கும்போது நாங்கள் இருவர்தான் இருப்போம், மகளை ஊரில் விட்டுவிட்டு வருகிறேன் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கள் மகளுக்கு இது தெரியுமா?"

"தெரியும்" என்றேன். தெரியாது.

நேற்று அதே ஜன்னல், அதே அம்மாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "இரண்டு பேரா, மூன்று பேரா?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வரிசையில் பின்னால் நின்ற ஒரு கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அந்த நேரத்துக்குள் எனக்குள் ஓடியதைத்தான் நாட்குறிப்பை வைத்துக்கொண்டு வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

2

மகள் தேன்மொழி இந்தத் தீவுக்கு வந்தபோது கைக்குழந்தை. சென்ற ஆண்டு அவளுக்குப் பதினொரு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் கிரியோலில் பதில் சொல்வாள். கிரியோல் என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து பிறந்த, தீவுக்காரர்களின் பேச்சு. கோபம் வந்தால் கிரியோல், கெஞ்சினாலும் கிரியோல், தூக்கத்தில் உளறுவதும் கிரியோல். பள்ளியில் அவள் பெயர் மோலி. சனிக்கிழமை மாலைகளில் கடற்கரையில் நெருப்பு மூட்டி, ஆட்டுத்தோல் மேளத்தைச் சூடாக்கி ஆடுவார்கள். அந்தக் கூட்டத்தில் என் மகளைத் தனியே அடையாளம் காண எனக்கே சிரமமாக இருக்கும். இடுப்பும் தோளும் அப்படி இழைந்துபோயிருந்தன.

நானும் மாறித்தான் போயிருக்கிறேன். சென்ற ஆண்டு ஊருக்குப் போனபோது, கள்ளக்குறிச்சியில் பேருந்து நடத்துநர் மீதிச் சில்லறை கொடுத்ததற்கு, நன்றி சொல்லும் தீவுப் பழக்கத்தில் என்னையறியாமல் "மெர்சி" என்றேன். அவர் "இன்னாம்மா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர்ப் பேருந்தில் முகம் சிவந்து நின்றேன்.

ஆனால் புறப்படும் முன்பே முடிவெடுக்க வைத்தது வேறு. என் அப்பா இறந்த தந்தி வந்த அன்று நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தேன்மொழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகுந்த அன்போடு கிரியோலில் கேட்டாள்: "உன் அப்பாவை நான் பார்த்திருக்கிறேனா?"

கேள்வியில் குற்றமில்லை. அவளுக்கு விவரம் தெரிந்து அவரைப் பார்த்ததேயில்லை. அன்றைக்குத்தான், இவளை ஊரில் விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். கணவர் ஒரு வாரம் கழித்து, "நீயே பார்த்துச் செய்" என்றார்.

3

என் தம்பி சேகர், கல்வராயன் மலையில் கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியர். தூரத்துக் குக்கிராமங்களிலிருந்து வரும் மலைக் குழந்தைகள் அங்கேயே தங்கி, சாப்பிட்டுப் படிக்கிற பள்ளி. பள்ளியை ஒட்டிய குடியிருப்பில் அவனும் அவன் மனைவி சாந்தியும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஒரு வருடம் தேன்மொழி அவர்களோடு இருந்து தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வது, பிறகு திருக்கோவிலூரில் பெண்கள் பள்ளியில் சேர்ப்பது என்று கடிதத்தில் பேசி வைத்திருந்தோம். தேன்மொழியிடம் சொன்னது, "மாமா வீட்டுக்குப் போகிறோம்" என்பது மட்டும்.

எதையும் ஒழுங்குபடுத்திச் செய்கிறவள் நான். கச்சிராயபாளையத்தில் மலைப் பேருந்து ஏறும்போதே மனதில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு நாள் தங்குவது. மூன்றாம் நாள் முதல் பேருந்தில், அவள் எழுந்திருப்பதற்குள் நான் மட்டும் இறங்கிவிடுவது. மற்றதைச் சாந்தி பார்த்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் பேருந்து வரவில்லை.

சேகரின் டிரான்சிஸ்டரில்தான் விவரம் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுக்கச் சாலை மறியல். புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே தள்ளியிருக்கிறார்கள். ஒரு வாரம் எதுவும் ஓடாது என்றார்கள். சில இடங்களில் துப்பாக்கிச் சூடு என்றும் வந்தது. சாந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து ரேடியோவுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"எங்க அண்ணன் உளுந்தூர்பேட்டை பக்கம் போயிருக்காரு அண்ணி. வூட்டுக்கு ஒரு ஆளு வரணும்னு சொன்னாங்களாம்."

"அப்படி என்ன கேட்கிறார்கள்?" என்றேன். வெளிநாட்டுக்காரி கேட்கிற மாதிரியே இருந்தது அந்தக் கேள்வி, என் காதுக்கே.

"இன்னா கேப்பாங்க? பசங்களுக்குப் படிப்புல, வேலைல ஒரு எடம். நீங்க அங்க கப்பல் ஏறிப் போனதும் அதுக்குத்தானே அண்ணி?" என்றாள் சாந்தி. குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எங்கள் மறியல் பேச்சு புரியாமல் தேன்மொழி வாசலில் நின்று, "மாமா!" என்று கூப்பிட்டாள். தீவில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சேகர் திரும்பி, "இன்னாடா கண்ணு?" என்றான். வந்த நாளிலிருந்து இதே கூத்து.

"அக்கா, இவ ஒன்னைக் கூப்புடறாளா என்னைக் கூப்புடறாளான்னு சாவற வரிக்கும் எனக்குத் தெரியாது போல" என்றான்.

4

பள்ளியில் ஆசிரியர்கள் பாதிப்பேர் கீழே இருந்து வருகிறவர்கள். அவர்கள் மேலே ஏற முடியவில்லை. தலைமை ஆசிரியர் என்னிடம் வந்து, "பசங்க சும்மா குந்திக்கினு இருக்குதுங்க மேடம். நீங்க இருக்கற நாட்டைப் பத்தி ஒரு மணி நேரம் சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டார்.

முறையாகத் தயார் செய்தேன். கரும்பலகையில் இந்தியப் பெருங்கடலை வரைந்து, நாங்கள் இருக்கும் மாஹே தீவைப் புள்ளி வைத்துக் காட்டினேன். மழை அளவு, பயிர்கள், முன்பு ஆண்டவர்கள், பேசும் மொழிகள் எல்லாம் சொன்னேன். தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள். "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்றேன். ஒரே ஒரு கை எழுந்தது.

"கரடி இருக்கா டீச்சர்?"

"இல்லை."

"காட்டுப் பன்னி?"

"இல்லை."

"கொரங்கு?"

"இல்லை. விஷப்பாம்பு கூடக் கிடையாது."

வகுப்பு முழுக்க ஏமாற்றம் பரவியதைப் பார்த்தேன். கேட்ட பையன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "அப்ப இன்னாத்துக்குடா காடு?"

அப்போது கடைசி வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த தேன்மொழி எழுந்துவிட்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. "இருக்கு! ஆமை இருக்கு!" என்றாள், தமிழில்.

"ஆமை எங்க கெணத்துலயே இருக்கு" என்றது ஒரு குரல். சிரிப்பு.

தேன்மொழி சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரோரம் மடித்து வைத்திருந்த விடுதிப் போர்வை ஒன்றை இழுத்தாள். பக்கத்தில் இருந்த அலமேலு என்ற பெண்ணையும் இன்னொருத்தியையும் மண்டியிட்டுக் குனிய வைத்து மேலே போர்த்தினாள். அலமேலுதான் தலை. "கழுத்து நீட்டு. இன்னும். மெதுவா. இல்ல, இல்ல, இன்னும் மெதுவா!" ஆமை நகரத் தொடங்கியது. அதன் முதுகில் ஒரு சின்னப் பையனைத் தூக்கி வைத்தாள். "இவ்ளோ பெருசு. நான் சின்னதா இருந்தப்ப இப்டிதான் உக்காந்தேன்."

இப்போது ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

"கொல்லையில பூந்துச்சின்னா?"

"பூரும். எல்லாம் தின்னும்."

"தொரத்தினா ஓடுமா?"

"ஓடாது. அது... அது கேக்காது."

கரடி கேட்ட பையன் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வந்து, "ஏய், ஹோய்!" என்று மலைக் கொல்லையில் பன்றி விரட்டுகிற மாதிரியே கத்திப் பார்த்தான். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு மெல்ல வெளியே நீட்டி, அவன் காலை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் வழியில் போனது. "போச்சு, சாமை காலி" என்று அவன் குச்சியைக் கீழே போட்டான். வாசலில் நின்ற தலைமை ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. அவளுக்குச் சொல் கிடைக்காத இடத்தில் கை பேசியது, கால் பேசியது. குழந்தைகள் சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள்.

"பொண்ணு பொறந்தா ஒரு சின்ன ஆமை கொண்டாந்து வுடுவாங்க. முன்னாடி. அது வளரும், பொண்ணும் வளரும். கல்யாணம் வந்தா..." கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினாள்.

"அய்ய, கண்ணாலத்துக்கு ஆமைக் கறியா!"

"இப்ப இல்ல. இப்ப சட்டம். இப்ப பொண்ணுதான் போவும். ஆமை வூட்லயே இருக்கும்."

"ஒனக்கு ஆமை இருக்கா?" என்று போர்வைக்குள்ளிருந்தே கேட்டாள் அலமேலு.

"பக்கத்து வூட்ல. ஸோஸெஃப்னு பேரு. எங்க எல்லார் பேரும் அது முதுகுல பெயிண்ட்ல எழுதியிருக்கோம். எம்பேரும் இருக்கு."

அவள் 'வூடு' என்று சொல்லத் தொடங்கியிருந்ததைக் கவனித்தேன்.

வௌவாலைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்று புறப்படும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். பழந்தின்னி வௌவாலைக் குழம்பு வைப்பது அந்தத் தீவின் விருந்து. எங்கள் குடும்பத்துக்கு அது தெரிய வேண்டியதில்லை. அதையும் சொல்லிவிட்டாள். குழந்தைகள் துளியும் அதிரவில்லை. "சளிக்கு நல்லது. எங்க மாமா புடிப்பாரு" என்றான் ஒருவன். அதிர்ந்தது வாசலில் நின்ற சாந்திதான்.

"அண்ணி! நீங்களுமா?"

"குழம்பு மட்டும்" என்றேன்.

"கொழம்பு மட்டும்னா? அது கொழம்புக்குள்ள இன்னா, குளிச்சிட்டுப் போச்சா?"

5

மறியல் நீடித்த நாட்கள் முழுக்க இதே நடந்தது. மதியச் சோறு முடிந்ததும் குழந்தைகள் தாங்களாகவே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இலவங்கப்பட்டை மரம் காடாக வளர்ந்து கிடக்கும் மலை, ஒட்டிப் பிறந்தது போன்ற இரட்டைத் தேங்காய், கடற்கரை மேளம் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு நாள் வெள்ளைப் பறவை வந்தது. புறாவைவிடச் சிறிய, முழுக்க வெண்மையான கடற்பறவை. அது கூடு கட்டாது. வெறும் கிளையில் ஒரே ஒரு முட்டையிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருக்கும்.

"கூடு இல்லாமியா? காத்தடிச்சா?" என்று கேட்டாள் அலமேலு.

"வுழுந்துடும். சில நேரம்."

"அதுக்குக் கட்டத் தெரியாதா?"

"தெரியாது. ஆனா அடுத்த வாட்டியும் அதே கெளைக்குத்தான் வரும். குஞ்சுக்குக் கால் பெருசு. வெளிய வந்தவொடனே கெட்டியா புடிச்சிக்கும்."

பத்து வருடமாக அந்தப் பறவையை என் வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். குஞ்சின் காலை நான் பார்த்ததில்லை.

மாலையில் விடுதிக் குழந்தைகள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறி நிற்பார்கள். எதற்கென்று முதலில் எனக்குப் புரியவில்லை. எதிர்ச் சரிவில் மரங்களுக்கு நடுவே அங்கங்கே புகை எழும். அந்தப் புகையை வைத்து அவரவர் வீட்டில் உலை ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்கிறார்கள். யார் வீட்டுப் புகை எது என்று எல்லோருக்கும் தெரியும். தாமதமானால் "ஒங்கம்மா இன்னும் கொல்லையிலிருந்து வரலை போல" என்று கேலி செய்வார்கள். புகை தெரிந்ததும் இறங்கிப் போய்ச் சாப்பிட உட்காருவார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் காட்டு வழியாக வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள் என்று தலைமை ஆசிரியர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டதும் இவர்களைப் பற்றித்தான்.

"அதோ எங்க வூட்டுப் பொகை" என்று அலமேலு காட்டினாள். "ஒங்க வூடு எந்தப் பக்கம்?"

தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் தென்மேற்கைக் காட்டினேன். இரண்டு பெண்களும் அந்தப் பக்கம் திரும்பி, கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு, வெகு நேரம் தேடினார்கள்.

"ஒன்னும் தெரியலியே" என்றாள் அலமேலு.

"அப்பா லேட்டாத்தான் அடுப்பு பத்த வெப்பாரு" என்றாள் தேன்மொழி.

6

பள்ளிக்கு அரிசி மூட்டை கொண்டுவந்த லாரி ஒன்றும் எங்களைப் போலவே மலையில் மாட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநரும் உதவி ஆளும் விடுதியில் சாப்பிட்டுச் சலித்துப்போனார்கள் என்று ஒரு மதியம் சேகர் அவர்களை வீட்டுக்கு அழைத்து வந்தான். அன்றைக்கு அலமேலுவும் எங்களோடு இருந்தாள். தட்டு போதவில்லை. சாந்தி உள்ளே போய், தகரப் பெட்டியைத் திறந்து, பளபளவென்று ஒரு புது எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து தேன்மொழி முன்னால் வைத்தாள். வைக்கும்போது அவள் முகத்தில் ஒரு வெட்கமும் சந்தோஷமும் இருந்தன.

தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக, அப்பாவின் இனிஷியலோடு பெயர் வெட்டியிருந்தது. நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டாமல் விடுவதில்லை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்க அலமேலு அவளுக்கு எழுத்துக் காட்டிக்கொடுத்திருந்தாள். தேன்மொழி விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"சி... தே... ன்... மொ... ழி!"

அலமேலு கைதட்டினாள். "படிச்சிட்டா! முழுசா படிச்சிட்டா!"

"எம்பேரு" என்றாள் தேன்மொழி.

"ஆமாண்டி கண்ணு. ஒனக்குன்னே கள்ளக்குறிச்சிக் கடையில சொல்லி வெட்டினது" என்றாள் சாந்தி. "எழுத்து நல்லா வுழுந்திருக்குல்ல? அந்த ஆளு அவசரத்துல கோணலா வெட்டுவான். பக்கத்துலயே நின்னு வாங்கினேன்."

தேன்மொழி நிமிர்ந்து மற்றத் தட்டுகளைப் பார்த்தாள். சேகர் தட்டில் சேகர் பெயர். சாந்தி தட்டில் சாந்தி பெயர். விருந்தாளிகள் எங்களுக்கு வைத்த தட்டுகளில் திருமணத்துக்கு மொய்யாகக் கொடுத்த யார் யாருடைய பெயர்களோ.

"அம்மா தட்டுல அம்மா பேரு இல்லியே" என்றாள்.

சேகர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் அதைக் கவனிக்கவில்லை.

"இன்னா பாப்பா, மாமன் வூட்லயே தங்கிட்டியா? நல்லதாப் போச்சு. இந்த அத்தை கை ரசத்துக்கு நானே தங்கிடுவேன். இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

சாந்தி ஊற்றினாள். நிறுத்த மறந்து ஊற்றியதில் ரசம் அவர் மணிக்கட்டில் வழிந்தது. தேன்மொழி அந்தத் தட்டில் வைத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். எழுந்து, தட்டைக் கழுவி, துடைத்து, சாந்தியிடமே கொடுத்துவிட்டுப் பாறைப் பக்கம் போனாள்.

7

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தென்மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புகை எழும் நேரம் ஆகவில்லை. கிரியோலில் கத்துவாள், நானும் கிரியோலிலேயே சமாதானம் சொல்லலாம் என்று தயாராகப் போயிருந்தேன். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளை வழியெல்லாம் கோத்துக்கொண்டே போனேன்.

"என்னை வுட்டுட்டுப் போறியாம்மா?"

அம்மா என்றாள். தமிழில் கேட்டாள்.

"ஒரு வருஷம்தான். அப்புறம் திருக்கோவிலூரில் பெரிய பள்ளி..."

"எதுக்கு?"

"உனக்குத் தமிழ் வரணும். அதுக்குத்தான்."

"வந்துடுச்சே" என்றாள். "இப்ப எதுல கேட்டுக்கினு இருக்கேன்?"

நான் கணக்கு ஆசிரியை. தப்பாகப் போட்ட கணக்கு எந்த வரியில் தவறியது என்று கண்டுபிடிப்பது என் தொழில். அந்தப் பாறையில் எனக்கு அது தெரிந்தது. தமிழ் ஒரு காரணம்தான். கல்யாணத்துக்கு என் பெயர் வெட்டிக் கொடுத்த பாத்திரங்கள் கணவர் ஊரில் யார் வீட்டிலோ பங்காகிப் போயின. அப்பா போன பிறகு கள்ளக்குறிச்சியில் என் பெயர் சொல்ல ஒரு டம்ளர் கூட மிச்சமில்லை. என் பெயருக்குப் பதிலாக இவள் பெயரை அங்கே வைத்துவிட்டு வரப் பார்த்திருக்கிறேன்.

"போகலாம்" என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்."

அவள் என்னை நம்பாதவள் போலப் பார்த்தாள். பிறகு என் புடவைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள். அன்று இரவு தூங்கும்போதும் விடவில்லை.

சாந்தியிடம் சொல்வதுதான் கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை மாவு பிசைந்துகொண்டே அவளே பேசினாள். "நான் அந்தத் தட்டை எடுத்திருக்கக் கூடாது அண்ணி. ஆசை. பேரோட ஒரு தட்டு நம்ம வூட்டு அலமாரியில இருக்கணும்னு ஆசை."

மறியல் முடிந்தது. சாந்தியின் அண்ணன் நல்லபடியாக வீடு திரும்பினார் என்று ஆள் மூலம் தகவல் வந்தது. வனத்துறை ஜீப் ஒன்றில் எங்களுக்கு இடம் கிடைத்தது. விடுதிக் குழந்தைகள் வாசல் வரை வந்தார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆமையும் வந்தது. சாந்தி தட்டைத் துணியில் சுற்றி எங்கள் பைக்குள் வைத்தாள். தேன்மொழி அதை வெளியே எடுத்தாள்.

"இது இங்கியே இருக்கட்டும் அத்தை. லீவுக்கு வந்தா வேணுமில்ல?"

சாந்தி தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நீ வர்ற வரிக்கும் இதுல யாருக்கும் சோறு போட மாட்டேன். ஒங்க மாமன் கேட்டாலும் கெடையாது." பிறகு ஜீப் கிளம்பும் சத்தத்துக்கு மேலே என்னிடம் கத்தினாள்: "அண்ணி, அடுத்த தபா ஒங்களுக்கும் ஒன்னு வெட்டி வெக்கறேன். இனிசியல் இன்னா போடச் சொல்லட்டும்? ஒங்கப்பா பேரா, ஒங்க வூட்டு அண்ணன் பேரா?"

வண்டி வளைவில் திரும்பிவிட்டது.

கீழே சமவெளியில் வெட்டிய புளியமரங்களை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிறுவயதில் நான் பள்ளிக்கு நடந்துபோன சாலையில் நிழல் இல்லாமல் போயிருந்தது. தேன்மொழி தலையை வெளியே நீட்டி, பின்னால் மறையும் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

8

"மூன்று பேர்" என்றேன் நேற்று, ஜன்னல் அம்மாளிடம்.

அவர் பேனாவால் குறித்துக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை. முத்திரை குத்திய பிறகு மட்டும், "உங்கள் மகளிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது தேன்மொழி பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஸோஸெஃப் அருகே குந்தியிருந்தாள். ஈரப்பலா மரத்தடியில் அது கண்ணை மூடிக்கொண்டிருந்தது. வெயிலிலும் மழையிலும் பெயிண்ட் மங்கிவிடுவதால் குழந்தைகள் வருடத்துக்கொரு முறை பெயர்களைப் புதுப்பிப்பார்கள். அதற்கும் ஓராண்டு அனுமதிதான் போலிருக்கிறது. மோலி என்று இருந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, வெள்ளைப் பெயிண்டில், நாக்கைக் கடித்துக்கொண்டு, தமிழில் தேன்மொழி என்று எழுதி முடித்திருந்தாள். ழி கொஞ்சம் சரிந்திருந்தது. ஆமை நடுவில் மூச்சு விட்டிருக்க வேண்டும்.

"இனிஷியல் போடவில்லையா?" என்று கேட்டேன்.

"ஆமைக்கு எதுக்கும்மா இனிசியல்? அதுக்கு என்னைத் தெரியும்."

ஓராண்டாகச் சாந்திக்கு நான் எழுதிய கடிதங்களில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, அந்த ஒரு கேள்வியைத் தவிர. அப்பா பேரின் முதலெழுத்தை எழுதி அடித்திருக்கிறேன். கணவர் பேரின் முதலெழுத்தை எழுதியும் அடித்திருக்கிறேன். நேற்று மாலை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே உட்கார்ந்து எழுதிவிட்டேன். அமுதவல்லி என்று என் பெயர் மட்டும் வெட்டினால் போதும். கோணலாக விழுந்தாலும் பரவாயில்லை. டிசம்பர் விடுமுறைக்கு நாங்கள் வரும் வரை, தேன்மொழி தட்டின் மேலேயே அதையும் கவிழ்த்து வைத்திருக்கட்டும்.